பட்டாணிக்காக நின்ற வண்டி

என் அண்ணி ஓட்டுகிற பஸ்ஸில் நான்தான் கண்டக்டர். வீட்டிலும் அவளை விரட்டுகிறாய், வண்டியிலும் அவளுக்கு விசில் ஊதுகிறாய், உன் வாய்க்கு ஓய்வே கிடையாதா என்று அண்ணன் கேட்பான். அவன் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. விடிவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போய் ரொட்டி சுட்டுவிட்டு, மதியம் புருவத்தில் மாவோடு வந்து எல்லோருக்கும் புத்தி சொல்கிறவன் அவன்.

அண்ணியும் நானும் ஒரே வயது. எங்கள் டிப்போவில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள். நான்தான் அவளை அண்ணனுக்குப் பேசி முடித்தேன். அதனால் கூப்பிடுவது அண்ணி, பேசுவது வா, போ.

அந்த டிப்போவில் வண்டி ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். அவள் முதல் நாள் சாவி வாங்கப் போனபோது டைம்கீப்பர் ஒன்று சொன்னார். எந்த வண்டி எப்போது கிளம்புகிறது, எப்போது திரும்புகிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவர் வேலை. மற்றவர்களைச் சிரிக்க வைப்பதையும் அவர் தன் வேலையாக நினைத்துக்கொண்டிருந்தார். "இனிமே வண்டி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்காதுப்பா. பாத்ரூமுக்கு பாத்ரூம் நிக்கும்" என்றார். அங்கே நின்ற டிரைவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வண்டி நடுவழியில் ஒருநாளும் நின்றதில்லை.

எங்கள் ரூட்டின் ஒரு முனையில் ரயில் நிலையம். அங்கே பெண்களுக்கு ஒரு கழிவறை உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி வைத்திருக்கும் ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை. மறுமுனையில் மார்க்கெட். அங்கே ஒரு நீளமான சுவர் இருக்கிறது. ஆண்களுக்கு அது போதும். நாங்கள் இரண்டு பேரும் காலையில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அத்தோடு சரி. மீதியை அடக்கிக்கொள்வோம். நானாவது பக்கத்துத் துணிக்கடையில் பல்லைக் காட்டி உள்ளே போய்விட்டு வருவேன். அண்ணி அதற்கும் இறங்க மாட்டாள். டிரைவர் சீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்தால் எவனாவது வாயைத் திறப்பான் என்பாள்.

டிப்போவிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். ஷிப்ட் முடிந்து அண்ணி வாசல் கதவைத் தள்ளும்போதே "வழி" என்று ஒரு குரல் கொடுப்பாள். அண்ணன் ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் திறந்து வைப்பான். ஒரு செருப்பு ஹாலில் கிடக்கும், இன்னொன்று சமையலறையில் கிடக்கும். உள்ளே போனவள் வெளியே வரும்போது இரண்டு கையையும் தூக்கி, "இன்னிக்கும் ஜெயிச்சாச்சு" என்பாள். நாங்கள் கைதட்டுவோம். வெளியாள் யாராவது பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது தினப்படி நடக்கிற விஷயம். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டுவது பட்டாணி.

பட்டாணி அண்ணன் அண்ணியின் மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்தவளைப் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது நாலு வயதை எட்டிப் பிடிக்கப் போகிறாள். பேச ஆரம்பித்தால் என்னையே மிஞ்சுவாள்.

அவளுக்கு இந்த வம்பு எப்போது ஆரம்பித்தது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். டயப்பரை விட்டு ஒழுங்காகப் பாத்ரூம் போய்க்கொண்டிருந்த பிள்ளைதான். ஒருநாள் வயிறு இறுகி, போகும்போது வலித்துவிட்டது. லேசாக ரத்தமும் வந்தது. அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அத்தோடு அவள் கடையை மூடிவிட்டாள். வயிறு முட்டினால் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பாள். காலைப் பின்னிக்கொள்வாள். முகம் சிவக்கும், நெற்றி வேர்க்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போகும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே வந்து பிஸ்கட் கேட்பாள். பாத்ரூம் பக்கம் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்குவாள்.

நர்சரியிலும் இதே கதைதான். காலையில் போனால் சாயங்காலம் வரை ஒரு சொட்டு கிடையாது. அங்கே இருக்கும் மிஸ்ஸோ, "உங்க பிள்ளையால ஒரு தொந்தரவும் இல்லைங்க, பாத்ரூமே கேக்கறதில்ல" என்று நற்சான்று கொடுப்பதுபோல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் தலைகீழாக நின்று பார்த்தோம். அண்ணன் போனைப் பார்த்துப் பார்த்து என்னென்னவோ வாங்கிப் போட்டான். வாத்து மூஞ்சி வைத்த இருக்கை ஒன்று வந்தது. ஈரம் பட்டால் பாட்டுப் பாடும் சின்னத் தொட்டி ஒன்று வந்தது. பட்டாணி அதில் அவனுடைய டீயை ஊற்றிப் பாட வைத்தாள். அண்ணன் தானே கழிவறை மூடிமேல் உட்கார்ந்து "அப்பா போறேன் பாரு" என்று முக்கி நடித்தும் காட்டினான். அவள் டிக்கெட் வாங்கி வந்தவள்போல் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றாள். நான் சாக்லெட்டைக் காட்டி ஆசை காட்டினேன். சாக்லெட் போனது, வேறு எதுவும் போகவில்லை. அண்ணி மட்டும் ஒன்றும் செய்யாமல் பிள்ளையை மடியில் போட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே இருப்பாள். பாறாங்கல் மாதிரி இருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொல்லி அழுதாள்.

டாக்டரம்மாவிடம் போனோம். கறாரான ஆள், ஆனால் பிள்ளைகளிடம் நிதானமாகப் பேசுவாள். பட்டாணியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இளக்குவதற்கு மருந்து எழுதினாள். "திட்டாதீங்க, லஞ்சமும் கொடுக்காதீங்க. சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்ச நேரம் உக்கார வைங்க. கால் தொங்கக் கூடாது, கீழ ஏதாவது ஊணிக்க வேணும். மருந்து வயித்தை இளக்கிடும், இனிமே வலிக்காது. ஆனா வலிக்காதுன்னு அவ நம்பணுமே" என்றாள். பிறகு சிரித்தாள். "எவ்வளவோ பிள்ளைகளைப் பார்த்திருக்கேன். இவ்வளவு கெட்டிக்காரத்தனமா அடக்கற பிள்ளைய பார்த்ததில்ல. யார்கிட்டம்மா கத்துக்கிட்ட?"

பட்டாணி பெருமையாக அம்மாவைப் பார்த்தாள். நாங்களும் சிரித்தோம். அண்ணி முகத்தில்கூட ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா அண்ணியை நிறுத்தி மெதுவாகச் சொன்னாள். "அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் வயித்தைச் சுத்தம் பண்ணணும். பண்ணிடலாம், ஆபத்தில்ல. ஆனா நாலு பேர் பிடிச்சுக்கிட்டு பண்ற வேலை அது. ஏற்கனவே பயந்து போயிருக்கா. அதுக்கப்புறம் அந்தப் பயத்தை எடுக்கறது இன்னும் கஷ்டம். அதுக்கு முன்னாடி அவளா போனா நல்லது."

மருந்து தன் வேலையைச் செய்தது. வயிறு கொஞ்சம் இளகியது. பட்டாணியோ கண்கொத்திப் பாம்பாக எங்களைப் பார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பதை விடவில்லை. டாக்டரிடம் திரும்பப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு லீவு நாள் ஒன்றில் அவளோடு விளையாட உட்கார்ந்தேன். நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு பஸ் விளையாட்டு. தட்டு ஒன்றைக் கையில் பிடித்து அவள்தான் டிரைவர். நான் பயணி. எனக்குக் காலை நீட்ட வேண்டும்போல் இருந்ததால், "டிரைவரம்மா, வண்டிய கொஞ்சம் நிறுத்துங்க, பாத்ரூம் போகணும்" என்றேன்.

"நிக்காது" என்றாள்.

"ரொம்ப அவசரம்மா."

"அடக்கிக்கோ. டிப்போ வந்தாதான் போகணும்."

"டிரைவருக்கு வந்தா?"

அவள் தட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, இது கூடவா தெரியாது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "டிரைவர் போகவே கூடாது அத்தை. போனா தோத்துருவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எங்கம்மா தோக்கவே மாட்டா. நானும்தான்." சொல்லிவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டாள். அவளுக்கு அப்போது நிஜமாகவே வந்திருந்தது. நெற்றியில் வேர்வை பூத்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலி அவளைப் பயமுறுத்தியது உண்மைதான். ஆனால் பயந்த பிள்ளை ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடும்போது, பெரியவர்கள் நாங்கள் கைதட்டிக் கைதட்டி ஒரு இடத்தைக் கட்டி வைத்திருந்தோம். அடக்குவதுதான் கெட்டிக்காரத்தனம், போவது தோல்வி. எங்கள் வீட்டில் வேறு எதை அவள் பார்த்தாள்?

மறுநாள் கடைசி ட்ரிப் முடிந்து, காலி வண்டியில் அண்ணியிடம் சொன்னேன். எனக்குப் பக்குவமாகப் பேசத் தெரியாது. நறுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் இருண்டுவிட்டது.

"நான் என் சந்தோஷத்துக்கா அடக்கறேன்?" என்றாள். "நான் ஒரு தடவ நிறுத்தினா போதும், அந்த ஆள் கூண்டுக்குள்ள உக்காந்து ஊரைக் கூட்டிருவான். அடுத்து ஒரு பொண்ணு லைசென்ஸ எடுத்துக்கிட்டு வந்து நின்னா, பார்த்தீங்களான்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்க. இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு காப்பாத்தின பேரு இது."

"காப்பாத்து. அதுக்கு பட்டாணி வயிறுதான் கிடைச்சுதா?"

அவள் வண்டியைப் பூட்டிவிட்டு எனக்கு முன்னால் நடந்துபோனாள். அன்று வீட்டு வாசலில் "வழி" என்ற குரல் வரவில்லை. பேசாமல் போனாள், பேசாமல் வந்தாள். பட்டாணி மட்டும் பழக்கத்தில் கைதட்டினாள். தனியாகக் கேட்ட அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் பொறுக்கவில்லை.

அண்ணி அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "அம்மா அடக்கறது தப்புடா கண்ணு. வந்தா உடனே போயிடணும்" என்றாள். பட்டாணி கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரித்தாள். "பொய். நீ நிறுத்தவே மாட்ட." அண்ணி மறுபடியும் சொன்னாள். பிள்ளை அதைவிட அதிகமாகச் சிரித்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில நேரங்களில் அதுவும் ஒன்று.

டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அண்ணன் பட்டாணியை நர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு எங்கள் வண்டியில் ஏறினான். டிக்கெட்டுக்குச் சில்லறை சரியாகக் கொடுத்தான். டிரைவருக்குப் பக்கவாட்டில் இருக்கும் முன் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கேடா திடீர் சவாரி என்று கேட்டேன். "அவ வரச் சொன்னா" என்று அண்ணியைக் கண்ணால் காட்டினான். அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் காலியாக உருண்டது. வேலை நேரத்தில் அவள் அவ்வளவு தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்கால நேரம், வண்டி நிறைய ஆள். மார்க்கெட்டுக்குப் பாதி தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஸ்டாப் கிடையாது. அங்கே வண்டி வேகம் குறைந்து, ஓரம் கட்டி, பங்க்குக்குள் நுழைந்து நின்றது. என்ஜின் அணைந்ததும் வண்டிக்குள் ஒரு அமைதி. பஞ்சரா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அண்ணி சீட்டை விட்டு எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினாள். மைக் இல்லாமலே கடைசி சீட்டுக்குக் கேட்கும் குரல் அவளுக்கு.

"எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும். எனக்குப் பாத்ரூம் போகணும். போயிட்டு வந்து வண்டிய எடுக்கறேன்."

பட்டாணியின் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, டிப்போ வரல" என்றாள்.

"ஆமாண்டா, இன்னும் வரல. எனக்கு இப்பவே போகணும்."

"அடக்கிக்கோ."

"வேணாம். அடக்கினா வயிறு வலிக்குது. நான் போறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஓடவில்லை, ஒளியவில்லை. பங்க்கில் பெட்ரோல் போடும் பெண்ணிடம் சாவி கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கப் பின்பக்கம் நடந்தாள். அந்த நடையைப் பார்த்தபோது எனக்கு அவள்மேல் வந்த பெருமையைச் சொல்ல முடியாது. எந்த நாளும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதற்காக அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை.

வண்டிக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "இதெல்லாம் வீட்லயே முடிச்சுட்டு வரக் கூடாதா" என்றார் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஒருவர். நான் அவர் பக்கம் திரும்புவதற்குள் என் பையை யாரோ இழுத்தார்கள். பட்டாணி. உதடு பிதுங்கி, கண் நிறைந்து நின்றாள்.

"அத்தை, அம்மா தோத்துட்டாளா?"

ஆபீஸ்காரருக்காகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன். குனிந்து அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நடு சீட்டிலிருந்து ஒரு அம்மா, காலடியில் இருந்த காய்கறிப் பையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். "வண்டிதான் நிக்குதே, நானும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே, காலை ஒட்டி ஒட்டி வைத்து இறங்கினாள். அவள் இறங்கியதும் பின்னாலிருந்து இரண்டு காலேஜ் பெண்கள் இறங்கினார்கள். பிறகு ஒரு கர்ப்பிணி இறங்கினாள். அவள் புருஷன் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தானும் ஆண்கள் பக்கம் நழுவினான். பிறகு யார் யார் இறங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. பாதி வண்டி காலி. பங்க்குக்குப் பின்னால் இரண்டு கதவுக்கு முன்னாலும் வரிசை நின்றது. அத்தனை பேரும் இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

பட்டாணி படிக்கட்டில் நின்று வரிசையை வாய் பிளந்து பார்த்தாள். "எல்லாரும் தோத்துட்டாங்களா?" என்றாள்.

மலை மாதிரி ஒரு ஆள், முதுகில் மூட்டையோடு, அவளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். அவளிடம் குனிந்து, "பாப்பா, எப்படா தோப்போம்னு காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்கேன். வழி விடு" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்து பட்டாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வயிறு முட்டியிருக்க வேண்டும். சட்டென்று காலைப் பின்னிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். முகம் சிவந்தது. நானும் அண்ணனும் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தோம். அண்ணன் ஏதோ பாட ஆரம்பிக்கப் போனான். அவன் காலை அழுத்தி மிதித்தேன்.

அந்த நேரம் அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நேராக வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்று, "அப்பாடா, இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றாள். நடிப்பு இல்லை. அவள் முகமே இளகிப் போயிருந்தது. பட்டாணி அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். சிரித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். வரிசையில் நின்ற காய்கறி அம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நானும் லைன்ல நிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வா" என்றாள் அண்ணி. அவளைப் படிக்கட்டிலிருந்து இறக்கிவிட்டாள்.

வரிசை தானாக ஒதுங்கி வழி விட்டது. பங்க் பெண்ணிடம் எண்ணெய் டின் அடுக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி நான்தான் உள்ளே வைத்தேன். பட்டாணியை உட்கார வைத்து, அவள் காலைப் பெட்டிமேல் ஊன்ற வைத்து, அண்ணி அவள் முன்னால் தரையிலேயே குந்தினாள். கதவைப் பாதி சாத்திவிட்டு நான் வெளியே காவல் நின்றேன்.

உள்ளே அழுகை ஆரம்பித்தது. "வலிக்கும்மா. வேணாம்மா."

"பயமா இருக்கா?"

"ம்."

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுது இல்ல. எனக்குத் தெரியும். இப்ப மருந்து சாப்பிட்டிருக்க, மெத்துனு ஆயிடுச்சு. நீ என் கையைப் பிடிச்சுக்கோ. வேணாம்னா எழுந்திரிச்சுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என் போன் அடித்தது. டைம்கீப்பர். கூண்டில் அவருக்கு முன்னால் ஒரு திரை உண்டு. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அதில் தெரியும்.

"வண்டி ஏன் பங்க்ல நிக்குது? பிரேக்டவுனா?"

"இல்ல சார். டிரைவர் பாத்ரூம் போகணும்னாங்க. நிறுத்தினோம்."

அவர் குரலில் சிரிப்பு ஏறியது. "அன்னிக்கே சொன்னேன்ல."

"சொன்னீங்க சார். சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நிக்கும். இன்னிக்கு நிக்குது, நாளைக்கும் நிக்கும். டிரைவரும் மனுஷிதான், வண்டியில வர்றவங்களும் மனுஷங்கதான். பாதி பஸ்ஸு இங்க லைன்ல நிக்குது, வேணும்னா போனைக் கொடுக்கறேன், நீங்களே பேசுங்க. அப்புறம், ரயில் நிலையத்துல அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி நானும் டிரைவரும் நாளைக்கு மேனேஜரைப் பார்க்க வர்றோம். அதையும் குறிச்சுக்கோங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பக்கத்தில் நின்ற காய்கறி அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்து, "வைம்மா அதை, உள்ள பிள்ளை போயிட்டிருக்கு" என்று அதட்டினாள். வைத்துவிட்டேன்.

ஆபீஸ்காரர் கையைத் திருப்பி மணி பார்த்தபடி கதவருகே வந்தார். வாயைத் திறந்தார். உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டார்.

"அம்மா, பஸ் லேட் ஆயிடும். எல்லாரும் திட்டுவாங்க. நீ போய் எடு." அழுகைக்கு நடுவே அந்தப் பிள்ளை தன் அம்மாவின் பெயரைக் காப்பாற்றப் பார்த்தது.

"ஆகட்டும். நான் எங்கயும் போகல" என்றாள் அண்ணி. "பஸ் நிக்கும். உனக்காக நிக்கும். நீ மெதுவா போ."

ஆபீஸ்காரர் திரும்பிப் போய், ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு முனகல். மறுபடி மூச்சு. சுவரில் சாய்ந்து நின்ற அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். அவனே போகிறான் என்று நினைத்துவிடலாம், அப்படி ஒரு முகம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் நாலு பேர் அந்தச் சின்னக் கையையும் காலையும் பிடிப்பதை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிறகு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பட்டாணி அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பவள்போல் இருந்தாள்.

"அம்மா" என்றாள். "வலிக்கல."

"வலிக்கலையா?"

"வலிக்கவே இல்ல." ஆச்சரியம் தாங்காமல் என்னையும் பார்த்தாள். "அத்தை, எனக்கு வலிக்கல."

நான் தலையை ஆட்டினேன். அண்ணன் எனக்குப் பின்னால் வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தான்.

அண்ணி அவளைத் தூக்கக் கையை நீட்டினாள். பட்டாணி நகரவில்லை. காலைப் பெட்டிமேல் நன்றாக ஊன்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வண்டியைத் தானே ஓட்டுகிறவள் மாதிரி எனக்கு உத்தரவு போட்டாள்.

"இன்னும் இருக்கு அத்தை. பஸ்ஸ எடுக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் போய் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிப் படிக்கட்டில் ஏறி நின்றேன். சீட்டில் இருந்தவர்களும் வரிசையில் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். என்னிடம் இருந்த முழுக் குரலையும் எடுத்து, வண்டி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும் என்று சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.